உஷார்! ‘காண்ட்ரி’ லிஸ்ட் வருகிறது!

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். தசரா, தீபாவளி, யாருக்காவது ஃபேர்வெல் என்று ஏதாவது ஒன்று நெருங்கினால் போதும், ஒரு லிஸ்ட் உங்களுக்காகக் காத்திருக்கும். “நம்ம சாருக்கு ஃபேர்வெல் கிஃப்ட். ஆளுக்கு ஆயிரம். சாயங்காலத்துக்குள்ள போட்டுடுங்க. கீழே க்யூஆர்.” அதற்கும் கீழே, பணம் அனுப்பியவர்களின் ஸ்க்ரீன்ஷாட்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருக்கும். மும்பையில் இதற்குச் செல்லப்பெயர் காண்ட்ரி. கான்ட்ரிபியூஷன் என்று முழுசாகச் சொன்னால் வலிக்கும் என்று சுருக்கிவிட்டார்கள் போல.

உடனே கை க்யூஆரை நோக்கிப் போகிறதா? ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். அந்த லிஸ்ட்டில் மூன்று ஆபத்துகள் இருக்கின்றன: கொடுக்க முடியாதவரை அது அவமானப்படுத்தலாம், வாங்குகிறவரை விதியில் மாட்டிவிடலாம், அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு திருடன் உங்கள் பேங்க் கணக்கைக் காலி செய்யலாம். மிகைப்படுத்தவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் ஆபத்தை நான் நேரில் பார்த்தேன். போன வருஷம், செப்டம்பர் மாசக் கடைசி. பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் என் ஆபீஸ். அங்கே பெருக்கித் துடைக்கும் அக்கா தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மித்தி நதியைத் தாண்டினால் ஆபீஸ் என்பதால் நடந்தே வந்துவிடுவார். கான்ட்ராக்ட் வேலை. மற்றவர்களுக்கு அவர் ‘மௌஷி’ (மராத்தியில் சித்தி), எனக்கு அக்கா. அன்றைக்குப் பேன்ட்ரியில் டீ மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தவர், வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, லிஸ்ட்டுல நானும் இருக்கேனாமே? நானும் போடணுமா?”

இருந்தார். கடைசி வரியில். பெயர்கூட இல்லை, ‘மௌஷி: 1,000’ என்று மட்டும். முதல் வரியில் லட்சத்தில் சம்பளம் வாங்குகிறவருக்கும் 1,000. என்ன ஒரு சமத்துவம்!

நான் பெரிய மனுஷன் மாதிரி, “நீங்க கவலைப்படாதீங்கக்கா, உங்க பேர்ல நானே போட்டுடறேன்” என்றேன். அக்கா துணியை சிங்க்கில் முறுக்கிப் பிழிந்தார். “போடணுமான்னுதான தம்பி கேட்டேன்? நீங்க போடுங்கன்னா கேட்டேன்?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து யோசித்தேன்.

மொய்யா, கப்பமா?

நம்மூர்க் கல்யாண வீட்டு வாசலில் மொய் நோட்டோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஊர், பேர், தொகை. விசேஷம் முடிந்ததும் நோட்டு பத்திரமாகப் பெட்டிக்குள் போகும். நாளைக்கு உங்கள் வீட்டில் ஒரு நல்லது நடந்தால், அந்த வீட்டுக்காரர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். மொய்யைக் கேலி பேசுகிறவர்கள் பேசட்டும்; அதில் ஒரு நியாயம் இருக்கிறது. போனது திரும்பி வரும். இரண்டு வீடும் ஒரே தரையில் நிற்கின்றன.

ஆபீஸ் லிஸ்ட்டும் பார்ப்பதற்கு மொய் நோட்டு மாதிரியே இருக்கிறது. ஆனால் அக்கா மகளின் கல்யாணத்துக்கு அந்த சார் எந்த நோட்டையும் புரட்டப் போவதில்லை. கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குக் கட்டுவது, கட்டாவிட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து கட்டுவது. இதற்குத் தமிழில் பழைய பெயர் இருக்கிறது: கப்பம். சிற்றரசன் பேரரசனுக்குக் கட்டியதைத்தான் இப்போது யுபிஐயில் கட்டுகிறோம்.

பக்கத்து சீட்டுக்காரருக்குக் கொடுப்பது மொய். மேலதிகாரி தன் கைக்காசில் கீழே இருப்பவர்களுக்குக் கொடுப்பது அன்பளிப்பு. ஏணியில் மேல்நோக்கி ஏறுவதைத்தான் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

பக்கத்தில் போவதும் முற்றினால் வியாதிதான். ஜப்பானில் பிப்ரவரி 14 அன்று, கூட வேலை பார்க்கும் ஆண்களுக்கெல்லாம் ஆபீஸ் பெண்கள் சாக்லேட் கொடுக்கும் வழக்கம் உண்டு. காதலுக்காக இல்லை, கடமைக்காக. ‘கிரி சோகோ’ என்றே பெயர், கடமைச் சாக்லேட். 2018 பிப்ரவரியில் சாக்லேட் விற்கும் கோடைவா கம்பெனியே அங்கே ஒரு நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, இந்தக் கடமைச் சாக்லேட்டை விட்டுவிடலாம் என்றது. விற்கிறவனே வேண்டாம் என்று கெஞ்சும் நிலைமை!

விதி தூங்கவில்லை

இரண்டாவது ஆபத்து, விதி. மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப், டிராம்பே அணு ஆராய்ச்சி மையம் என்று மத்திய சர்க்கார் சம்பளத்தில் மும்பையில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. செம்பூரில் ஒரு தெருவில் நின்று கேட்டால் நாலு வீட்டில் ஒரு பென்ஷன்காரராவது இருப்பார். அவர்களுக்குத் தெரியும், இந்த விஷயத்தில் சர்க்கார் எவ்வளவு கறார் என்று.

மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964-ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. அதில் 14-ஆவது விதியின் குறிப்பைப் படித்தபோது பேன்ட்ரி அக்கா முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. ரிடையர் ஆகிறவருக்கோ மாற்றலாகிப் போகிறவருக்கோ வீட்டு விசேஷம் மாதிரி எளிமையாக வழியனுப்பு விழா வைக்கலாம். ஆனால் அதற்குப் பணம் போடச் சொல்லி யாரையும் எந்த விதத்திலும் நெருக்கக் கூடாது. மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்களிடம், அந்த நிலைகளில் இல்லாத ஒருவருக்கு விழா எடுக்க எந்தச் சூழ்நிலையிலும் வசூல் செய்யவே கூடாது. அறுபது வருஷத்துக்கு முன் எழுதியவர் ஆபீஸை நன்றாகப் பார்த்திருக்கிறார்!

13-ஆவது விதி பரிசுக்கே உச்சவரம்பு வைக்கிறது. கல்யாணம், ஆண்டு விழா, மதச் சடங்கு போன்ற நேரங்களில் நெருங்கிய உறவினரிடமும், ஆபீஸ் விவகாரம் எதுவும் இல்லாத சொந்த நண்பர்களிடமும் வாங்கிக்கொள்ளலாம். மதிப்பு குரூப் ஏ அதிகாரிக்கு 25,000 ரூபாய், குரூப் பி-க்கு 15,000, குரூப் சி-க்கு 7,500 தாண்டினால் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றபடி யாரிடம் வாங்கினாலும் குரூப் ஏ, பி-க்கு 5,000 ரூபாய், குரூப் சி-க்கு 2,000 ரூபாய்க்கு மேல் போனால் முன் அனுமதி வேண்டும். 2019-இல்தான் இந்தத் தொகையை இவ்வளவுக்கு உயர்த்தினார்கள். அதற்கு முன் 1,500-உம் 500-உம்தான். போகிற வழியில் வண்டியில் ஏற்றிக்கொள்வதும், எப்போதாவது ஒரு வேளைச் சாப்பாடும் பரிசுக் கணக்கில் சேராது என்று அதே விதி சொல்கிறது. ஆகவே சக ஊழியர் வாங்கித் தந்த இட்லிக்கு யாரும் நடுங்க வேண்டாம்.

அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்கும் இதே பாடம்தான். தன்னைவிடக் குறைந்த சம்பளக்காரரிடம் பரிசு வாங்குவதற்கும், மேலதிகாரிக்குப் பரிசு கொடுப்பதற்கும் பொதுவாகத் தடை. எப்போதாவது 10 டாலருக்குள் ஒரு சின்னப் பொருள் என்றால் விடுவார்கள்.

“எங்களுடையது பிரைவேட் கம்பெனி, இந்த விதி எங்களைக் கட்டாது” என்கிறீர்களா? கட்டாதுதான். ஆனால் வருமான வரி எல்லோரையும் கட்டும். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் பரிசுப் பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி உண்டு. தங்கத்துக்கும் இதே 50,000 ரூபாய்க் கோடுதான். கல்யாணப் பரிசுக்கு விலக்கு இருக்கிறது. ரிடையர்மென்ட்டுக்கு அப்படி விலக்கு கிடையாது. ஆபீஸே சேர்ந்து ஒரு பவுன் காசு போட்டால், இன்றைய தங்க விலையில் அது ஒன்றே கோட்டைத் தாண்டிவிடும். அன்போடு கொடுத்ததுக்கு அவர் வரி கட்டிக்கொண்டிருப்பார்!

பேசுவது சார் இல்லை, திருடன்!

இனி மூன்றாவது ஆபத்து. இது மானத்தோடு நிற்காமல் பணத்தையும் கொண்டுபோகும்.

தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப் வருகிறது. முகப்பில் உங்கள் மேனேஜர் படம். “மீட்டிங்ல இருக்கேன், போன் பண்ணாதே. ஸ்டாஃபுக்கு சர்ப்ரைஸா கிஃப்ட் கார்டு கொடுக்கணும். அவசரமா பத்து கார்டு வாங்கி கோடு மட்டும் அனுப்பு. சாயங்காலம் பணம் தந்துடறேன். யார்கிட்டயும் சொல்லாதே, சர்ப்ரைஸ் கெட்டுடும்.”

நீங்கள் வாங்கி, கோடு எண்ணை அனுப்பிவிடுவீர்கள். அங்கேதான் கதை முடிகிறது. கிஃப்ட் கார்டு என்பது அந்த எண்தான்; எண் யார் கையில் இருக்கிறதோ அவனுக்குத்தான் பணம். நிமிஷத்தில் செலவழித்துவிடுவான் அல்லது வேறொருவனுக்கு விற்றுவிடுவான். நீங்களே ஒப்புக்கொண்டு வாங்கிய பொருள் என்பதால் திரும்பப் பெறுவது மகா கஷ்டம்.

“இதில் எல்லாம் யார் ஏமாறுவார்கள்?” என்று சிரிக்காதீர்கள். 2022 செப்டம்பரில் புனே சீரம் இன்ஸ்டிட்யூட்டில், தலைமை நிர்வாகி அதார் பூனாவாலா பெயரில் வாட்ஸ்அப் வந்தது. இன்னின்ன கணக்குகளுக்குப் பணம் அனுப்பு என்றது. அனுப்பினார்கள். ஒரு கோடி ரூபாய்க்கு மேல் போயிற்று. உலகத்துக்கே தடுப்பூசி போடும் கம்பெனி அது. அங்கே கேட்டது கிஃப்ட் கார்டு இல்லை, நேரடிப் பணம். ஆனால் வலை ஒன்றுதான்: பெரியவர் பெயர், அவசரம், கேள்வி கேட்கத் தயங்கும் கீழ்நிலை.

கவனித்தீர்களா? ‘சார் பேர்ல வந்தா மறுபேச்சு பேசக் கூடாது’ என்று நம்மைப் பழக்கியது யார்? காண்ட்ரி லிஸ்ட்தான். அக்காவை வாசல் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்த அதே பயத்தைத் திருடன் உங்களிடம் காசாக்குகிறான்.

ஆகவே: மேலதிகாரி பெயரில் பணமோ கார்டோ கேட்டு வந்தால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அவருடைய எண்ணுக்கு நீங்களே போன் போடுங்கள். எழுந்து போய் அவர் கதவைத் தட்டினால் இன்னும் நல்லது. குரூப்பில் வரும் க்யூஆரை ஸ்கேன் செய்தால், பணம் போகும் முன் திரையில் தெரியும் பெயரைப் படியுங்கள். ‘காண்ட்ரி பணம் திரும்பி வருது, பின் நம்பர் போடுங்க’ என்று யாராவது சொன்னால் போனை வையுங்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் அந்த நிமிஷமே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

பொட்டலத்துக்குள் கண்ணி

விதி தெரிந்தது, திருடனையும் அடையாளம் கண்டாயிற்று. இனி என்ன கொடுப்பது? இதிலும் நான் கையைச் சுட்டுக்கொண்டவன்.

சயான் பாந்த்ரா லிங்க் ரோட்டில், தாராவி ஓரமாக வரிசையாகத் தோல் கடைகள். ஒரு பர்ஸ் வாங்கினேன். பெயரைத் தங்க எழுத்தில் பொறித்துத் தந்தார்கள். என் டீமில் இருந்த ஒரு ஜைன நண்பருக்குப் பிறந்தநாள் பரிசு. இரண்டு விரலால் வாங்கினார், சிரித்தார், மேஜை ஓரத்தில் வைத்தார். மறுநாள் அது ஸ்டேஷனரி அலமாரியில், ஸ்டேப்ளர் பின் டப்பாக்களுக்குப் பின்னால் கிடந்தது. உயிரைக் கொன்று எடுத்த தோலை அவர் எப்படிச் சட்டைப் பையில் வைப்பார்? பெயர் பொறித்தாயிற்று, வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியாது.

சாப்பாட்டிலும் இதே கதை. மாட்டுங்காவில் வாங்கிப் போகும் மிக்ஸரில் பூண்டு இருக்கும். மரவள்ளிச் சிப்ஸ் கிழங்கு. இரண்டையும் அவர் தொட மாட்டார். நேந்திரங்காய் சிப்ஸ் என்றால் தைரியமாகக் கொடுக்கலாம். கேக் வாங்கினால் முட்டை இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள். சுகர் இருக்கிறவர் மேஜையில் ஒரு கிலோ காஜு கத்லியை வைத்துவிட்டு, “சாப்பிடலையா?” என்று நாலு தடவை கேட்காதீர்கள்.

பாட்டில்? கிட்டப் போகாதீர்கள். மகாராஷ்டிரத்தில் 1949-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. வாங்க, வைத்திருக்க, குடிக்கப் பெர்மிட் வேண்டும். பரிசுக் காகிதம் சுற்றினால் அது பெர்மிட் ஆகிவிடாது.

மேலதிகாரி கீழே வேலை பார்க்கும் பெண் ஒருவருக்கு மட்டும் தனியாகப் புடவை, சென்ட், நகை கொடுப்பது அதைவிட வினை. வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் அந்தப் பெண்ணுக்கு இல்லை என்பதை மறக்காதீர்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 2013-இலேயே சட்டம் வந்துவிட்டது. பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் விசாரணைக் குழு இருந்தாக வேண்டும். தவறான நோக்கத்தோடு வரும் பொட்டலத்துக்கு ரிப்பன் கட்டியிருந்தாலும் புகார் புகார்தான்.

இன்னொன்று பலருக்கும் தோன்றாது. ஜனவரியில் சங்கராந்தி முடிந்ததும் ஆபீஸ் பெண்கள் மஞ்சள் குங்குமம் வைத்து, சின்னப் பாத்திரமோ டப்பாவோ கொடுப்பார்கள். ஹல்தி குங்கு. பார்க்க அழகு. ஆனால் கணவனை இழந்த ஒருத்தி தன் சீட்டில் குனிந்து, இல்லாத வேலையைப் பார்ப்பது போல் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்ற கிராமம், கைம்பெண்களை ஒதுக்கும் சடங்குகள் இனி வேண்டாம் என்று 2022 மே மாதம் பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டது. அதைப் பின்பற்றும்படி மாநில அரசே மற்ற கிராமங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. கிராமத்துக்குத் தெரிந்தது ஏசி ஆபீஸுக்குத் தெரிய வேண்டாமா?

முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்

* பெயரும் தொகையும் போட்ட லிஸ்ட் வேண்டாம். மூடிய கவர் ஒன்று சுற்றி வரட்டும். விரும்பியவர் விரும்பியதைப் போடட்டும்.
* ஸ்க்ரீன்ஷாட் கேட்காதீர்கள், நீங்களும் போடாதீர்கள். அது அடுத்தவர் கழுத்தில் வைக்கும் கத்தி.
* கான்ட்ராக்ட் ஊழியர், செக்யூரிட்டி, பியூன், புதிதாகச் சேர்ந்தவர்: இவர்களிடம் கவரை நீட்டாதீர்கள். கேக் வெட்டும்போது மட்டும் மறக்காமல் கூப்பிடுங்கள்.
* ஒருவருக்கு மட்டும் தனிப் பரிசு என்றால் ஆபீஸுக்கு வெளியே கொடுங்கள். எல்லோர் முன்னாலும் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுங்கள்.
* மேலதிகாரியாக இருந்தால் முதல் ஆளாக நீங்களே “எனக்கு எதுவும் வேண்டாம்” என்று குரூப்பில் எழுதிவிடுங்கள். உங்களைத் தவிர வேறு யாராலும் அதைச் சொல்ல முடியாது.

எங்கள் ஆபீஸிலும் லிஸ்ட் போய்க் கவர் வந்தது. பேன்ட்ரிச் சம்பவத்துக்குப் பிறகு லிஸ்ட் போட்ட பெண்ணிடம் போய்ப் பேசினேன். அவளுக்கும் அது யாரோ தலையில் கட்டிய வேலைதான். கவர் இரண்டு நாள் ஸ்டேஷனரி அலமாரி மேல் இருந்தது. அக்கா அதில் ஏதாவது போட்டாரா, எவ்வளவு போட்டார் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்காகத்தானே கவர்.

அடுத்த வாரம் தசராவுக்கு முந்தின நாள். அக்கா ஒரு பிளாஸ்டிக் பை நிறைய ஆப்டா இலையோடு வந்தார். நம்மூர் ஆத்தி மரம்தான் அது. சோழர்கள் மாலையாகச் சூடிய பூவின் மரம். இங்கே தசராவுக்கு அதன் இலையைத் ‘தங்கம்’ என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுப்பார்கள். “ஸோன க்யா” (தங்கம் வாங்கிக்கோங்க) என்று நீட்ட வேண்டும், அவ்வளவுதான். செக்யூரிட்டிக்கு ஒன்று கொடுத்தார், எனக்கு ஒன்று, லிஸ்ட் போட்ட பெண்ணுக்கு ஒன்று. பிறகு நேரே, சாருக்குப் பதிலாக வந்திருந்த புது மேனேஜர் அறைக்குள் போனார். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கீழிருந்து மேலே பரிசு போகவே கூடாது என்று இவ்வளவு நேரம் சத்தம் போட்டவன் நான். கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். இலை ஏறலாம், விலை ஏறக் கூடாது.